கன்டெய்னருக்கு ஒரு குத்தூசி

தை பிறந்து, சம்பா அறுவடை சூடு பிடித்த பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் போனால், ஏதாவது ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். களத்தில் நெல் குவிந்து கிடக்கும். ஒருவர் வருவார். குவியலுக்குள் கையை விட்டு மேலே கொஞ்சம், அடியில் கொஞ்சம் என்று அள்ளுவார். ஈரப்பதம் பார்க்கிற மெஷினில் போடுவார். 17 சதவிகிதத்துக்கு மேல் காட்டினால் முடிந்தது கதை. 'காய வெச்சு எடுத்துட்டு வாங்க!' பதர், கருக்காய், கல், மண் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. அத்தனையும் தாண்டி, 40 கிலோ சிப்பமாகப் பிடித்து, கிடங்குக்கும் அரைவை மில்லுக்கும் போன பிறகும் விட மாட்டார்கள். அங்கே ஒருவர் குத்தூசியோடு நிற்பார்.

குத்தூசி தெரியும்தானே? ஒரு முனை கூராக, உடம்பு குழிவாக இருக்கும். சாக்கைக் கிழிக்காமல் உள்ளே நுழைந்து, மூட்டையின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு பிடி நெல்லை வெளியே இழுத்து வந்து காட்டிவிடும். வாயருகே இருப்பது நல்ல நெல்லாகத்தான் இருக்கும். வயிற்றில் என்ன இருக்கிறது என்பதுதானே கேள்வி!

எங்கள் பெரியப்பாவுக்கு அம்மாப்பேட்டைப் பக்கம் கால் வேலி நிலம். ஒரு வருஷம் நெல்லைக் கொட்டிவிட்டு மூன்று நாள் காத்துக் கிடந்து, திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் என்னிடம் கேட்டார்.

"ஏண்டா, பேப்பர்ல எழுதறியே... நாம வெளைய வெச்ச நெல்லுக்கே இத்தனை சோதனை போடறான். கப்பல்ல வர்ற பொட்டியை எல்லாம் இப்படித்தான் குத்திப் பாக்கறானா?"

கிண்டலாகத்தான் கேட்டார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதில் தேடிப் போனால், அது பூம்புகாரில் ஆரம்பித்து பென்சில்வேனியா வரை இழுத்துக்கொண்டு போகிறது. வாருங்கள், கூடவே போய்ப் பார்க்கலாம்.

*

காவிரி கடலில் கலக்கிற இடம், காவிரிப்பூம்பட்டினம். அந்தத் துறைமுகம் ஜே ஜே என்று இருந்த காலத்தைப் பட்டினப்பாலை படம் பிடித்து வைத்திருக்கிறது. கடலில் வந்து இறங்குகிற சரக்கு ஒரு பக்கம், உள்நாட்டிலிருந்து கடலுக்குப் போகிற சரக்கு இன்னொரு பக்கம், மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. நடுவில் சுங்க அதிகாரிகள். சூரியனின் தேர்க்குதிரை மாதிரி ஓய்வே இல்லாமல் வேலை செய்கிறார்கள். மூட்டைகளில் சோழனின் புலி முத்திரை பதிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சரக்கு நகரும்.

கவனித்தீர்களா? வருகிற சரக்குக்கும் முத்திரை, போகிற சரக்குக்கும் முத்திரை. இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பல நூற்றாண்டுகள் கழித்து, 1070-ல் முதலாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்தான். வியாபாரத்தின் அருமை தெரிந்த ராஜா. 1077-ல் சீனாவுக்கு 72 பேர் கொண்ட தூதுக்குழு அனுப்பியவன். அவன் செய்த காரியம், வணிகர்களைக் கையெடுத்துக் கும்பிட வைத்தது. சுங்க வரியை நீக்கினான்! 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டமே கட்டிவிட்டார்கள். இன்று தஞ்சாவூரை ஒட்டி, கரந்தை என்று வாய் நிறையக் கூப்பிடுகிறோமே, அந்தக் கருந்திட்டைக்குடிக்கே சுங்கம் தவிர்த்த சோழநல்லூர் என்று ஒரு பெயர் இருந்தது.

சுங்கம் என்பதில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, காசு வாங்குவது. இன்னொன்று, மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. முதல் வேலையை ஒரு ராஜா தவிர்த்தால் ஊரே வாழ்த்தும். இரண்டாவது வேலையைத் தவிர்த்தால்?

அந்தக் கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் உலகத்துக்குப் பதில் கிடைத்தது. ரொம்பவும் கசப்பான பதில்.

*

நான் பி.காம். படித்தவன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், சரக்கு ஒரு பக்கம் போனால் காசு எதிர்ப்பக்கம் வரும் என்பது. நீங்கள் அரிசி கொடுக்கிறீர்கள், உங்களுக்குக் காசு வருகிறது. அவ்வளவுதான் வியாபாரம்.

ஆனால், ஒரே ஒரு சரக்கு மட்டும் இந்த விதிக்குக் கட்டுப்படாது. குப்பை! குப்பையைக் கொடுப்பவரே காசும் கொடுப்பார். சரக்கும் காசும் ஒரே திசையில் பயணம் போகும். வாங்குகிறவர் சரக்கைப் பத்திரமாக வைத்துக்கொள்வார் என்று எந்த நிச்சயமும் கிடையாது. காசு கைக்கு வந்தவுடனே அவருக்குச் சரக்கு பாரம். எங்கேயாவது கொட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வதில்தான் முழு லாபமும் இருக்கிறது. மற்ற வியாபாரங்களில் சரக்கு சரியில்லை என்றால் வாங்கியவர் சண்டைக்கு வருவார். இங்கே சண்டை போட ஆளே இல்லை.

1970-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுற்றுச்சூழல் சட்டங்கள் இறுகின. தொழிற்சாலைக் கழிவை முன்போல ஆற்றிலும் பள்ளத்திலும் கொட்ட முடியாது. முறைப்படி அழிக்க ஏகப்பட்ட செலவு. அப்போது சில மூளைக்காரர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஊரில் அழிப்பதைவிடக் கப்பல் வாடகை கொடுத்து ஏழை நாட்டில் இறக்குவது மலிவு!

ஆனால், ஒரு சிக்கல். 'விஷக் குப்பை' என்று எழுதி அனுப்பினால் எந்த நாடு வாங்கும்? ஆகவே, பெயரை மாற்ற வேண்டும்.

*

1986 செப்டம்பர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக் குப்பையை எரித்த சாம்பல் சுமார் 14,000 டன்னை ஏற்றிக்கொண்டு கியான் ஸீ என்ற கப்பல் கிளம்பியது. பஹாமாஸ் போனது. இறக்க விடவில்லை. டொமினிகன் குடியரசு, ஹோண்டுராஸ், பனாமா... எங்கே போனாலும் விரட்டல். கடைசியில் ஹைட்டி. அங்கே கோனாயீவ் என்ற ஊரின் கடற்கரையில் 1988 ஜனவரியில் சுமார் 4,000 டன்னை இறக்கிவிட்டார்கள். எப்படி அனுமதி கிடைத்தது தெரியுமா? காகிதத்தில் எழுதியிருந்த பெயர், உரம்!

உண்மை தெரிந்து, 'திரும்ப ஏற்று' என்று அரசாங்கம் உத்தரவு போட்டபோது, கப்பல் ராத்திரியோடு ராத்திரியாக நழுவிவிட்டது. போகிற வழியில் தன் பெயரை பெலீஸியா என்று மாற்றிக்கொண்டது. அப்புறம் பெலிகானோ. 1988 நவம்பரில் சிங்கப்பூரில் வந்து நின்றபோது வயிறு காலி. மிச்சச் சாம்பல் எங்கே என்றால் பதில் இல்லை. அட்லாண்டிக்கிலும் நம் இந்தியப் பெருங்கடலிலும் கொட்டிவிட்டார்கள் என்பது பின்னால்தான் வெளியே வந்தது. கம்பெனி அதிகாரிகள் இருவர் தண்டிக்கப்பட்டார்கள். எதற்கு? சாம்பலைக் கொட்டியதற்கு அல்ல, கோர்ட்டில் பொய் சொன்னதற்கு! அப்போது அவ்வளவுதான் சட்டம்.

ஹைட்டியில் இறக்கிய சாம்பல் பன்னிரண்டு வருஷம் அங்கேயே கிடந்தது. 2000-ல் அள்ளி, இரண்டு வருஷம் புளோரிடாவில் காத்திருந்து, 2002-ல் கிளம்பிய மாநிலத்துக்கே வந்து சேர்ந்தது. ஆமாம், பென்சில்வேனியா. பதினாறு வருஷப் பயணம்!

அதே 1988-ல் நைஜீரியாவின் கோக்கோ என்ற சின்னத் துறைமுகத்தில் இன்னொரு கூத்து. இத்தாலியிலிருந்து ஆயிரக்கணக்கான டிரம்களில் ரசாயனக் கழிவு வந்து இறங்கியிருந்தது. உள்ளூர்க்காரர் ஒருவரின் காலி மனையில் அடுக்கி வைத்திருந்தார்கள். மாத வாடகை சுமார் நூறு டாலர். பாவம், தன் மனையில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியாது. இத்தாலியில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர்கள் விஷயத்தை மோப்பம் பிடித்துத் தங்கள் நாட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். பிடித்தது நெருப்பு! நைஜீரியா தன் தூதரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. ஓர் இத்தாலியக் கப்பலையே பிடித்து வைத்தது. வேறு வழியில்லாமல் இத்தாலி டிரம்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதை ஏற்றி வந்த கரின் பி என்ற கப்பலை ஐரோப்பாவில் ஒவ்வொரு துறைமுகமாக விரட்டினார்கள். தங்கள் வீட்டுக் குப்பை வாசலுக்குத் திரும்பி வந்தபோதுதான் ஐரோப்பாவுக்கே நாற்றம் தெரிந்தது.

அடுத்த வருஷம், 1989 மார்ச் 22. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் ஓர் உடன்படிக்கை உருவானது. 1992 மே 5-ல் அமலுக்கு வந்தது. அதே ஜூனில் இந்தியாவும் முறைப்படி சேர்ந்தது.

பாசெல் சொல்வது சிம்பிள். அபாயகரமான கழிவை அனுப்புகிற நாடு முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும். வாங்குகிற நாடு எழுத்தில் சம்மதிக்க வேண்டும். நடுவில் கடந்து போகிற நாடுகளுக்கும் தகவல் போக வேண்டும். சரக்கோடு கூடவே ஒரு காகிதம் பயணம் செய்ய வேண்டும். காகிதத்தில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் வேறு வேறாக இருந்தால், அது சட்டவிரோதம். தப்பு அனுப்பியவர் பக்கம் என்றால், அனுப்பிய நாடே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

பூம்புகார்ப் புலி முத்திரை உலக மேப்புக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு குறை. 1990-ல் கையெழுத்துப் போட்ட அமெரிக்கா, அதை உறுதிசெய்து உறுப்பினராக இன்றுவரை ஆகவில்லை.

*

இப்போது சொல்லப்போவதை வயலில் கால் வைத்த யாரும் சுலபமாக மறக்க முடியாது.

1991-ன் கடைசி. பங்களாதேஷ். நம் டெல்டாவைப் போலவே ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண். நம்மைப் போலவே மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிற ஜனங்கள். அந்த நாட்டு அரசாங்கம் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் அமெரிக்காவிலிருந்து சுமார் 3,000 டன் உரம் வாங்கியது. முறையான கொள்முதல், முறையான காகிதம், முறையான மூட்டை.

உரத்தில் என்ன கலந்திருந்தது? தெற்கு கரோலினாவில் ஒரு தாமிர உருக்காலையின் புகைபோக்கியில் பிடித்த தூசி. அமெரிக்கச் சட்டப்படி அது அபாயகரமான கழிவு. அதில் ஈயம் இருந்தது, கேட்மியம் இருந்தது. அமெரிக்காவில் முறைப்படி அழித்தால் பெரிய செலவு. உரத்தில் கலந்துவிட்டால்? செலவு மிச்சம், மேற்கொண்டு வரவு! ஐந்தொகையில் பொறுப்புப் பக்கம் இருந்த ஒரு தலைவலியைச் சத்தமில்லாமல் சொத்துப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

விஷயம் தெரிவதற்குள் ஒரு பகுதி உரம் விவசாயிகள் கைக்குப் போய், வயலில் தூவப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் வழக்கு நடந்தது. சம்பந்தப்பட்ட கம்பெனிகள் குற்றத்தை ஒப்புக்கொண்டன. சரி. தூவியதை யார் பொறுக்குவது?

கேட்மியத்தின் குணம் அது. ஹைட்டிச் சாம்பலையாவது மண்வெட்டியால் அள்ள முடிந்தது. கேட்மியம் மண்ணில் கலந்தால் பிரிக்க முடியாது. பயிரிலேயே நெல்தான் அதைச் சுலபமாக உறிஞ்சி, மணியில் சேர்த்து வைக்கிற பயிர்களில் ஒன்று. ஜப்பானில் ஜின்சூ ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவின் கேட்மியம் நெல் வழியாக மனித எலும்புக்குப் போய், 'இதாய் இதாய்' என்ற நோயாக வெடித்தது. அந்தப் பெயருக்கு ஜப்பான் மொழியில் 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று அர்த்தம். 1968-ல் அந்நாட்டு அரசாங்கமே அந்தக் காரணத்தை ஒப்புக்கொண்டது.

காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்து 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. மண்டலத்துக்குள் வரக்கூடாது என்று பட்டியலிட்ட தொழில்களில் தாமிர உருக்காலையும் ஒன்று. நல்ல காரியம். ஆனால், பங்களாதேஷ் சொல்கிற பாடம் வேறு. உருக்காலை பக்கத்து ஊரில் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. பதினாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற உருக்காலையின் புகைபோக்கி, ஒரு மூட்டைக்குள் உட்கார்ந்து உங்கள் வரப்புக்கே வந்து சேர முடியும்.

*

'அதெல்லாம் அங்கே சார்... இங்கே?' என்று கேட்கிறீர்கள். இங்கேயும்தான்.

இந்தியாவில் அபாயகரக் கழிவுகளுக்கான விதிகள் 1989-லேயே வந்துவிட்டன. காகிதத்தில்! 1995-ல் ஓர் ஆராய்ச்சி அமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 'வெளிநாட்டுக் கழிவு நம் துறைமுகங்களில் தாராளமாக இறங்குகிறது, கேட்பார் இல்லை' என்பது அதன் குற்றச்சாட்டு. கோர்ட் தோண்டத் தோண்ட, மும்பை நவசேவா துறைமுகத்தில் 133 கன்டெய்னர்கள் கிடப்பது தெரிந்தது. காகிதத்தில் லூப்ரிகேட்டிங் ஆயில். உள்ளே கழிவு எண்ணெய். 2005 ஜனவரியில் கோர்ட் உத்தரவு போட்டது: எண்ணெயை முறைப்படி எரித்து அழியுங்கள், செலவு முழுவதும் இறக்குமதி செய்தவர்கள் தலையில்.

அதற்குச் சில மாதம் முன்பு, 2004 செப்டம்பரில் டெல்லி பக்கத்துச் சாகிபாபாத்தில் நடந்தது இன்னும் கொடுமை. இரும்பு ஆலை ஒன்றில் பழைய இரும்பு வந்து இறங்கியிருந்தது. அதற்குள் யுத்தத்தில் வெடிக்காமல் போன குண்டுகள்! வெடித்தது. பத்துத் தொழிலாளிகள் செத்தார்கள். காகிதத்தில் 'ஸ்கிராப்'. அதன் பிறகுதான், கப்பலில் ஏற்றும் முன்பே சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், இல்லையென்றால் இரும்பைத் துண்டு துண்டாக்கி அனுப்ப வேண்டும் என்று கெடுபிடி வந்தது. குத்தூசிக்கு விலை, பத்து உயிர்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். கொடைக்கானல்!

1980-களில் நியூயார்க் மாநிலத்தில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஃபேக்டரி ஒன்று, மெஷினோடு கொடைக்கானல் மலைக்கு வந்தது. பாண்ட்ஸ் கம்பெனி ஆரம்பித்தது, பின்பு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வரும். தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போகும். பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மட்டும் நமக்கு! 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடை ஒன்றில் டன் கணக்கில் அந்தக் கண்ணாடி கிடப்பதை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள். போராட்டம் வெடித்தது. ஃபேக்டரி மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு 2016-ல்தான் சமரசத் தொகை கிடைத்தது.

ஆனால், நடுவில் ஒரு விசேஷம் நடந்தது. 2003-ல் பாதரசம் கலந்த சுமார் 290 டன் கழிவை மூட்டை கட்டி, மலையிலிருந்து இறக்கி, தூத்துக்குடியில் கப்பல் ஏற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். அதைச் சுத்திகரிக்கப் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? மறுபடியும் அதே பென்சில்வேனியா! ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்கு விஷக் கழிவு திரும்பிப் போவது உலகத்தில் ரொம்ப அபூர்வம். அதைச் செய்து காட்டியது நம் மலை ஊர். போகிற சரக்குக்கும் முத்திரை உண்டு என்று சொன்னேனே, அது இதுதான்.

*

2018 ஜனவரி 1. சீனா தன் கதவைச் சாத்தியது. வீட்டுப் பிளாஸ்டிக், தரம் பிரிக்காத பழைய காகிதம் உட்பட 24 வகைக் கழிவுகள் இனி உள்ளே வரக்கூடாது! அதுவரை உலகத்தின் பழைய பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. மதகை அடைத்தால் தண்ணீர் என்ன செய்யும்? பக்கத்து வாய்க்காலில் பாயும். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று குப்பை பாய்ந்தது. 2019 மே மாதம் பிலிப்பைன்ஸ் 69 கன்டெய்னர்களைக் கனடாவுக்கே திருப்பி அனுப்பியது. மலேசியாவும் 150 கன்டெய்னர்களைத் திருப்பியது. 2019 மார்ச்சில் இந்தியாவும் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குத் தடை போட்டது. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற பெயரில் இருந்த சந்தையும் சேர்த்து அடைத்தது.

சந்து என்றேன். அது எத்தனை பெரிய சந்து என்று தெரிய வேண்டுமானால் நாகப்பட்டினம் கடற்கரையில் நின்று எதிரே பாருங்கள். இலங்கை!

2017-லிருந்து 2019 வரை பிரிட்டனிலிருந்து கொழும்புக்கு 263 கன்டெய்னர்கள் வந்தன. சுமார் 3,000 டன். காகிதத்தில் பழைய மெத்தை, கம்பளம், தரைவிரிப்பு. உள்ளே ஆஸ்பத்திரிக் கழிவும் இருந்தது என்றார்கள் சுங்க அதிகாரிகள். பாதிக்கு மேல் துறைமுகத்திலும், மிச்சம் கட்டுநாயக்காவின் சுதந்திர வர்த்தக வலயத்திலும் கிடந்தன. அந்த வலயத்துக்குள் வருகிற சரக்கு நாட்டுக்குள் வந்ததாகவே கணக்கில்லை. மறுபடி ஏற்றுமதி ஆகும் என்ற நம்பிக்கையில் வரி கிடையாது, கெடுபிடியும் குறைவு. அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு நாற்றம் வந்த பிறகுதான் நாட்டுக்கே விஷயம் தெரிந்தது. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2020 செப்டம்பரில் முதல் 21 கன்டெய்னர்கள் பிரிட்டனுக்குக் கிளம்பின. கடைசி 45 கிளம்பியது 2022 பிப்ரவரியில்.

நமக்குச் சம்பந்தம் உண்டா? உண்டு! அந்த இறக்குமதியாளர் 2017, 2018-ல் சுமார் 180 டன்னை இந்தியாவுக்கும் துபாய்க்கும் மறு ஏற்றுமதி செய்திருக்கிறார் என்று இலங்கை விசாரணையில் தெரிந்தது. சுங்கம் தவிர்த்த ஊரில் சோதனையும் தவிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

*

சரி, பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். குத்திப் பார்க்கிறார்களா?

பார்க்கிறார்கள். ஆனால், எல்லாவற்றையும் அல்ல. முடியவும் முடியாது. ஒரு பெரிய துறைமுகத்தில் வந்து குவிகிற பெட்டி ஒவ்வொன்றையும் திறந்து கொட்டிப் பார்த்தால், நாட்டின் வியாபாரமே நின்றுபோகும். 2005-லிருந்து இந்தியச் சுங்கத்தில் கம்ப்யூட்டர்தான் முதலில் தரம் பிரிக்கிறது. எந்தப் பெட்டியில் சந்தேகம், எது நேரே போகலாம் என்று. எக்ஸ்-ரே ஸ்கேனர் இருக்கிறது. அதற்கு மேல் அதிகாரியின் மூக்கும் மூளையும்.

அனுபவம் உள்ள அதிகாரிக்குப் பெட்டியைத் திறக்கும் முன்பே காகிதம் பேசும். சரக்கின் விலையைவிடக் கப்பல் வாடகை அதிகமா? எந்தப் பைத்தியக்காரன் இப்படி வியாபாரம் செய்வான்? இறக்குமதி செய்கிறவரிடம் அதை உருக்க உலை இருக்கிறதா, அரைக்க மெஷின் இருக்கிறதா, இல்லை ஒரு மாடி ரூமும் போர்டும் மட்டும்தானா? நேரே வர வேண்டிய பெட்டி ஏன் நாலு துறைமுகம் சுற்றி வந்தது? 'காகிதம்' என்று போட்டிருக்கிற பெட்டியில் ஈ ஏன் மொய்க்கிறது? கதவைத் திறந்தால் முதல் இரண்டு வரிசை சுத்தமான கட்டுகள். சந்தோஷப்படக்கூடாது. மூன்றாவது வரிசையைப் பார்க்க வேண்டும்.

இப்போது அமலில் இருக்கிற 2016-ம் வருஷ விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. கொட்டி அழிப்பதற்காக எந்த நாட்டுக் கழிவும் இந்தியாவுக்குள் வரக்கூடாது. மறுசுழற்சி போன்ற உபயோகத்துக்கு மட்டும், அதுவும் அனுமதியோடு. சுங்க அதிகாரிகள் ஆங்காங்கே மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். காகிதத்தோடு ஒத்துப் போகவில்லை என்றால் விடக்கூடாது. சட்டவிரோதமாக வந்தது என்றால், வந்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் இறக்குமதியாளர் தன் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும். ஆக, சட்டத்தில் குத்தூசி இருக்கிறது பெரியப்பா!

ஆனால், குத்திக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான தலைவலி. இறக்குமதியாளர் போனை எடுக்க மாட்டார். அனுப்பியவர், 'நான் நல்ல சரக்குதான் அனுப்பினேன்' என்பார். கப்பல் கம்பெனி பெட்டி வாடகை கேட்கும். துறைமுகம் இட வாடகை கேட்கும். வருஷக் கணக்கில் பெட்டி வெயிலில் கிடந்து கசியும். இலங்கைக்கு ஆனதைப் பார்த்தோமே. அதனால்தான், பிடிப்பதைவிடப் புறப்படும் துறைமுகத்திலேயே தடுப்பது புத்திசாலித்தனம். இந்த முனையிலும் ஒரு குத்தூசி, அந்த முனையிலும் ஒரு குத்தூசி.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. எல்லை என்றால் கடல் மட்டும்தானா? 2024 டிசம்பரில் திருநெல்வேலியைச் சுற்றி நடுக்கல்லூர், கொண்டாநகரம் பக்கமெல்லாம் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக் கழிவுகள் கொட்டிக் கிடந்தன. பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு விதித்தது. கேரள அரசு லாரிகளை அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அமெரிக்கா - ஹைட்டி கதைதான், நடுவில் கடலுக்குப் பதில் ஒரு செக்போஸ்ட். அங்கேயும் லாரியின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்காமல் அனுப்பிவைத்த யாரோ ஒருவர் இருந்திருக்கத்தானே வேண்டும்?

ஹைட்டியில் உரம். பங்களாதேஷில் உரம். நவசேவாவில் லூப்ரிகேட்டிங் ஆயில். சாகிபாபாத்தில் ஸ்கிராப். கொழும்பில் மெத்தை. குப்பை ஒருநாளும் குப்பை என்ற பெயரில் எல்லையைத் தாண்டியதே இல்லை. நல்ல பெயர் ஒன்றைப் போர்த்திக்கொண்டுதான் வரும். அந்தப் போர்வையை எந்தக் கம்ப்யூட்டரும் தானாக விலக்காது. ஒரு மனுஷன் குனிந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே கையை விட வேண்டும்.

பெரியப்பா இப்போது இல்லை. போன வருஷம் கரந்தை வழியாகப் போனபோது அவர் ஞாபகம் வந்தது. சுங்கம் தவிர்த்த சோழனின் பெயரைச் சுமந்த ஊர். காசைத் தவிர்த்த ராஜாவைக் கொண்டாடியது சரிதான். ஆனால், பூம்புகாரில் புலி முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, ஓய்வில்லாமல் மூட்டை மூட்டையாகப் பார்த்துக்கொண்டிருந்தானே, பெயர் தெரியாத அந்த அதிகாரி... அவனுக்கும் ஓர் ஊர்ப் பெயர் வைத்திருக்கலாம்.

அவன் தூங்கினால், விடிவது நம் வயலில்.